கீழே ஓடுகிற வரி

மன்னார்குடி மதிலழகு என்பார்கள்.
மதில் எல்லாம் இப்போது முன்பதிவு.
சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயர் எழுதி,
அடுத்த தேர்தல் வரைக்கும் வெள்ளையாக நிற்கிறது.
ஒரு வறட்டிகூடத் தட்ட முடியாது.

எனக்கு மதில் இல்லை. கிடைத்தது
திரையின் அடியில் ஒன்றரை அங்குலம்.
உள்ளூர் கேபிளில் கதாநாயகி அழும்போது
அவள் மோவாய்க்குக் கீழே
வலமிருந்து இடமாக ஓடுமே, அந்த வரி.
அதை அடிப்பவன் நான்.
காதணி விழா நானூறு. கண்ணீர் அஞ்சலி முந்நூறு,
போட்டோ வேண்டுமென்றால் தனி.
மின்தடை அறிவிப்பு மட்டும் இலவசம்,
அது ஓடும்போது பாதி ஊரில் மின்சாரம் இருக்காது.

போன ஐப்பசியில் அமைச்சர் வருவதாக இருந்தது.
பந்தலடியில் வாழையிலை விற்கிற சூசையம்மாளை,
பக்கத்தில் சாவி ராவுகிற அபுதாகிரை,
குடை தைக்கிற இன்னொருவரை
(பெயர் எனக்கும் தெரியாது)
விடியற்காலை ஐந்தரைக்கு
நகராட்சி வண்டி வந்து கிளப்பியது.
இலைக்கட்டு வண்டியில் ஏறும்போதும்
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம்.
அமைச்சர் திருவாரூரோடு திரும்பிவிட்டார்.

முதலாளி போனில் வரியைச் சொன்னார்:
"பந்தலடியில் ஆக்கிரமிப்பு அகற்றம்.
பொதுமக்கள் மகிழ்ச்சி."
பொதுமக்கள் யாருண்ணே என்றேன்.
"நாமதான்டா."

எதிரே கஜவல்லி தங்க மாளிகைக்கு ஏழு படி.
ஐந்து படி சாலையில் இருக்கிறது.
பளிங்கு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள்.
எங்கள் அகராதியில் அதற்குப் பெயர் முகப்பு.
எட்டு மணிச் செய்திகளை வழங்குவது அவர்கள்தான்.
செய்தி வாசிக்கும் பெண்ணின் கழுத்தில் கிடப்பதும்
அவர்களுடையது,
ஒன்பதரைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வரியில் கவுன்சிலர் திலகராணி என்று ஓடும்.
மேலே பேசிக்கொண்டிருப்பவர் அவர் கணவர்.
அம்மா பின்னால் நிற்பார்,
ஏதோ சொல்ல வாயெடுப்பார்,
அதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

டீக்கடை டிவியில் சூசையம்மாள் பார்த்திருக்கிறாள்.
படிக்கத் தெரியாது. கிளாஸ் கழுவுகிற பையனைப்
படிக்கச் சொல்லியிருக்கிறாள்.
"ஆக்கிரமிப்புன்னா யாருடா?"
"நீதான்."
"ஞானஸ்நானத்துல வெச்ச பேரவிட
இது நீளமா இருக்கே" என்று சிரித்தாளாம்.

இதை என்னிடம் சொன்னது அபுதாகிர்,
ஏதோ ஒரு சந்தில், மின்கம்பத்தடியில்,
என் வண்டிச் சாவிக்கு நகல் ராவியபடி.
காசு வாங்கவில்லை.
நீங்க டிவிக்காரர் ஆச்சே என்றார்.

அன்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
ஒரு சீட்டுக் கம்பெனிக்கும்
ஒரு மூலம் பௌத்திரத்துக்கும் நடுவே செருகினேன்:
"வாழையிலை சூசையம்மாள் இப்போது
பாமணியாற்றுப் பாலத்தடியில். நுனி இலை கிடைக்கும்."

காலை பதினொன்று வரை ஓடியது.
"இதுக்கு யாருடா காசு குடுத்தா?"
சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்.
கண்ணீர் அஞ்சலி ரேட்.

அன்றைக்கே ஒரு கல்யாண வீட்டில்
நூறு இலை எடுத்தார்களாம்.
சாயங்காலம் அளவு டேப்போடு
இரண்டு பேர் வந்தார்களாம்.
இடம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லையாம்,
டிவியிலேயே போட்டிருந்ததாம்.

இப்போது எங்கே விற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.
இதில் எழுதப்போவதில்லை.
மணி ஏழே முக்கால்.
சிவப்பு டப்பாவில் நகை மேசைக்கு வந்துவிட்டது.
கழுத்து
நீடாமங்கலம் பஸ்ஸில்
நின்றபடி வந்துகொண்டிருக்கிறது.